நிழல் நகர்ந்தா பிரஷ்ஷ கீழ வச்சிருங்க

போன இதழ்ல ஊருணிக் கரைல உக்காந்து ஆயில் பெயின்ட்ல வரையறத பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு நம்ம செட்டிநாட்டு ஊர்கள்ல இருந்தே இவ்வளவு கேள்வி வரும்னு நான் நினைக்கல, படிக்க படிக்க அவ்வளவு சந்தோஷம். எல்லாத்தையும் போட இடம் இல்ல, ஒரே மாதிரி இருந்தத சேத்து ஏழு கேள்விக்கு பதில் எழுதியிருக்கேன்.

காரைக்குடி வாசகி: பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு, வயசு 61. பள்ளிக்கூட காலத்துல வாட்டர்கலர் போட்டிருக்கேன், அவ்வளவுதான். இப்ப வெளிய போய் ஆயில்ல வரையணும்னு ஆசை. கடைல போனா 24 கலர் செட்டு காட்டுறாங்க, என்ன வாங்குறதுன்னே தெரியல. இந்த வயசுல வருமா?

அம்மா, வயசு கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், வரும். ஆயில் மெதுவா காயுற கலர், போட்டத துடைக்கலாம், சுரண்டலாம், மேல திரும்ப போடலாம், வாட்டர்கலர் மாதிரி ஒரு சொட்டு விழுந்தா போச்சுங்கற பயம் கிடையாது, பொறுமையா இருக்கறவங்களுக்கு ரொம்ப தோதானது.

24 கலர் செட்ட கடைலயே வச்சிட்டு வந்துருங்க. அதுல பாதிய நீங்க தொடவே மாட்டீங்க, ஆனா வெள்ளை மட்டும் ரெண்டாவது வாரமே தீந்துரும். ஆறு ட்யூப் தனித்தனியா வாங்குங்க போதும்: டைட்டானியம் வொயிட் பெரிய ட்யூப்பா, அப்புறம் அல்ட்ராமரைன் ப்ளூ, எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), லெமன் எல்லோ, அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு). கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தாலே நல்ல அழுத்தமான இருட்டு கிடைக்கும், நீலம் கொஞ்சம் தூக்கலா இருந்தா குளிர்ச்சியா, சியன்னா தூக்கலா இருந்தா சூடா, அந்த இருட்டுக்கு ஒரு உயிர் இருக்கும், ட்யூப் கறுப்புல அது வராது.

இந்த பர்ன்ட் சியன்னா பத்தி ஒண்ணு சொல்லணும். இத்தாலில இருக்கற சியன்னாங்கற ஊர் பேர்ல வந்த கலர் அது, இரும்பு கலந்த மண்ண வறுத்து எடுத்தது. நம்ம செம்புறாங்கல் சிவப்பா இருக்கறதும் இரும்பு ஆக்சைடாலதான், ஆத்தங்குடி டைல்ஸ்ல சிவப்புக்கு சேக்கற பொடியும் அதுதான். வேற தேசத்து மண்ணு பேர்ல விக்கிற ட்யூப்ப பிதுக்குனா நம்ம ஊரு மண்ணு வந்து விழுது, எனக்கு இது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கும்.

பிரஷ் மூணு போதும், பட்டையான பன்றி முடி பிரஷ் பெருசு ஒண்ணு நடுத்தரம் ஒண்ணு, கோடு இழுக்க ஒரு சின்னது. கலர் கலக்கவும் சுரண்டவும் ஒரு பேலட் கத்தி. கேன்வாஸ் போர்டு 6க்கு 8 இன்ச், மிஞ்சிப் போனா 8க்கு 10, அதுக்கு மேல இப்ப வேண்டாம், காரணத்த அடுத்த பதில்ல சொல்றேன். உங்களுக்கு வாட்டர்கலர் பழக்கம் இருக்கறதால ஒரு எச்சரிக்கை, அதுல வெளிச்சத்துக்கு பேப்பர விட்டுட்டு இருட்ட கடைசில போடுவோம், இதுல தலைகீழ், இருட்ட முதல்ல மெல்லிசா போட்டுட்டு வெளிச்சத்த கடைசில கெட்டியா வைக்கணும். கை பழக ஒரு மாசம் ஆகும்.

முன்னாடியெல்லாம் ஓவியர்கள் ஆயில் கலர பன்றியோட மூத்திரப் பைல கட்டி வச்சிருப்பாங்க, வெளிய தூக்கிட்டு போறது பெரும் பாடு. 1841ல ஜான் காஃப் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் பிதுக்குற தகர ட்யூப்ப கண்டுபிடிச்சாரு, அதுக்கப்புறம்தான் பிரான்ஸ்ல அவ்வளவு பேர் வயக்காட்டுக்கும் ஆத்தங்கரைக்கும் போய் வரைய ஆரம்பிச்சாங்க. நீங்க ஒரு துணிப்பைல ஆறு ட்யூப்ப போட்டுட்டு கிளம்பலாம்.

தேவகோட்டை வாசகர்: காலேஜ் மூணாவது வருஷம். கானாடுகாத்தான்ல ஒரு வீட்டோட முகப்ப 24க்கு 36 இன்ச் கேன்வாஸ்ல வரையறேன். ஏழு மணிக்கு உக்காந்தா ஒன்பதரைக்குள்ள நிழல் எல்லாம் எங்கயோ போயிருது, நானும் மாத்தி மாத்தி போடறேன், கடைசில எல்லாம் கலங்கி சேறு மாதிரி ஆயிருது. போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல முடிச்சா தப்பா?

தம்பி, நீங்க பண்ற அதே தப்ப நான் நாலு வருஷம் பண்ணேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகருது. ஏழு மணிக்கு ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு நீளமா கிடக்குற நிழல் ஒன்பதரைக்கு கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு சுருங்கிடும். நம்ம ஊரு பூமத்திய ரேகைலருந்து 10 டிகிரி வடக்க இருக்கு, சூரியன் விறுவிறுன்னு நட்டுக்குத்தலா ஏறும், சித்திரை பிறக்குற சமயத்துல உச்சி வேளைல நிழல் காலடிலயே ஒட்டிக்கிட்டு கிடக்கும். வெளிநாட்டு புத்தகத்துல மூணு மணி நேரம் உக்காந்து வரைங்கன்னு போட்டிருப்பாங்க, அது அவங்க ஊரு சாஞ்ச வெயிலுக்கு, நமக்கு ஒண்ணேகால் மணி நேரம், நல்ல நாளா இருந்தா ஒன்றரை. அதுக்குள்ள முடியற அளவுதான் போர்டு இருக்கணும். நீங்க வச்சிருக்கற 24க்கு 36ல அந்த நேரத்துல கலர் பரப்பி முடிக்கவே முடியாது.

முகப்பு முழுசும் வேணும், அத்தனை தூணும் வேணும், மேல இருக்கற கஜலட்சுமி சுதைச் சிற்பமும் வேணும், கேட்டும் வேணும்னு நமக்கு ஆசை வருது, அவ்வளவு அழகான வீடு, வரத்தான் செய்யும். ஆனா வெளிய உக்காந்து கத்துக்க போறவங்க வரையறது வீட்ட இல்ல தம்பி, அந்த வீட்டு மேல ஏழு மணிலருந்து எட்டே கால் வரைக்கும் விழுகுற வெயில. திண்ணைல ரெண்டு தூணு, ஒரு துண்டு சுவரு, கீழ கொஞ்சம் மண்ணு, போதும்.

போய் உக்காந்ததும் பிரஷ்ஷ எடுக்காதீங்க, அஞ்சு நிமிஷம் கண்ண பாதி மூடி சுருக்கி பாருங்க, சின்ன சின்ன வேலைப்பாடெல்லாம் மறைஞ்சு நாலஞ்சு பெரிய திட்டா தெரியும், எது ரொம்ப இருட்டு எது ரொம்ப வெளிச்சம்னு பிடிபடும். அப்புறம் அல்ட்ராமரைன் கூட சியன்னாவ கலந்து டர்பன்டைன் விட்டு தண்ணியா ஆக்கி நிழல் எங்கெங்க விழுதுன்னு மட்டும் பத்து நிமிஷத்துல குறிச்சிடுங்க, இத குறிச்சதுக்கப்புறம் நிழல் நகர்ந்தாலும் நீங்க நகர்த்தக் கூடாது, எவ்வளவு ஆசையா இருந்தாலும் சரி. உங்க படம் கலங்குறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான், ஏழு மணி நிழலும் எட்டரை மணி நிழலும் ஒன்பது மணி வெயிலும் ஒரே போர்டுல சண்டை போடுது.

மீதி கால்வாசி, தேய்க்கிறது. ஈரக் கலர் மேல இன்னொரு ஈரக் கலர வச்சா வச்சதோட கைய எடுத்துரணும், திரும்ப திரும்ப தடவுனா கீழ இருக்கறது மேல வந்து சேறாத்தான் ஆகும். ரெண்டு மூணு தீத்தலுக்கு ஒரு தடவை பிரஷ்ஷ துணில துடைங்க. தப்பா போச்சுன்னா மேல பூசி மறைக்காதீங்க, கத்தியால சுரண்டி எடுத்துட்டு புதுசா வைங்க.

இப்ப அந்த வெள்ளைச் சுவர். சுண்ணாம்பு பூச்சு வழுவழுன்னு இழைச்ச சுவரு, நம்ம மனசுக்கு அது வெள்ளை, அதனால நிழல்ல இருக்கற பாகத்துக்கு வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பல் கலர அடிச்சிருவோம், படம் அங்கயே செத்துரும். காலைல போய் அந்த நிழல்ல இருக்கற சுவர மேலருந்து கீழ வரைக்கும் பாருங்க. மேல்பக்கம் வானத்த வாங்கி லேசா நீலம் அடிக்கும், கீழ வர வர தெருவுல இருக்கற செம்மண்ணுல வெயில் பட்டு தெறிச்சு அந்த சுவரோட அடிப்பாகம் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பா சூடா இருக்கும், அடில ஒரு முழ உயரத்துக்கு பாத்தா யாரோ மஞ்சள் பூசி கழுவி விட்ட மாதிரி இருக்கும். செம்மண்ணு மேல விழுகுற நிழலும் பழுப்பு இல்ல, கொஞ்சம் ஊதா கலந்தது. இத கண்ணால பாத்து கலந்து வச்சிட்டீங்கன்னா அது காரைக்குடி பக்கத்து காலை வெயில்னு சொல்லாமலே தெரியும்.

போட்டோ தப்பில்ல, ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு எடுக்கணும். தூணு எத்தனை, வளைவு எப்படி போகுதுன்னு சரி பாக்க உதவும், கலருக்கு உதவாது, கேமரால வெளிச்சத்துக்கு வச்சா நிழல் கறுத்துரும், நிழலுக்கு வச்சா சுவர் வெளுத்துரும், நான் மேல சொன்ன நீலமும் ஆரஞ்சும் ரெண்டுலயும் கிடைக்காது. முடியலன்னா மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்துக்கு போங்க. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91ல வைக்கோல் போர வரைஞ்சப்ப பக்கத்துல பல கேன்வாஸ வச்சுக்கிட்டு வெளிச்சம் மாற மாற அடுத்தத எடுப்பாரு, வெளிச்சம் திரும்பி வர்றப்ப பழைய கேன்வாஸுக்கு வருவாரு, அப்படி சுமார் 25 படம். நீங்க ரெண்டு போர்டு வச்சுக்கிட்டு ஏழு மணிக்கு ஒண்ணு, எட்டரைக்கு ஒண்ணு ஆரம்பிங்க. அந்த பெரிய கேன்வாஸ தூக்கி போட்றாதீங்க, இருபது முப்பது சின்ன போர்டு முடிச்சதும் அதுகள பாத்து வீட்ல உக்காந்து அத போடலாம்.

பள்ளத்தூர் வாசகர்: மரம் போட்டா எல்லாம் பிளாஸ்டிக் செடி மாதிரி பச்சையா வருது. எந்த பச்சை ட்யூப் வாங்குறது?

எதுவுமே வாங்காதீங்கண்ணே. நம்ம ஊர்ல அந்த ட்யூப் பச்சை கிடையாது, நெல்லு நட்ட வயல் தவிர. பனை ஓலை சாம்பல் பூத்த பச்சை, அல்ட்ராமரைனும் எல்லோ ஆக்கரும் நிறைய வெள்ளையும். சீமைக்கருவேலம் புழுதி படிஞ்சு கிட்டத்தட்ட காக்கி, அந்த கலவைலயே சியன்னா கொஞ்சம் கூட போடுங்க. வேப்பங்கொழுந்து மாசி பங்குனில செம்பு கலரா மின்னும், அதுல பச்சையே கம்மி. புளிய மரத்துக்கு உள்பக்க இருட்டுதான் முக்கியம், அந்த இருட்ட முதல்ல வச்சு மேல வெயில் பட்ட இடத்துக்கு மட்டும் லெமன் எல்லோ சேத்து நாலு தீத்தல், இலை இலையா போடாதீங்க. பச்சை ரொம்ப கத்துதுன்னு தோணுனா அலிசரின் ஒரு துளி, உடனே அடங்கிரும். தூரத்து மரத்துக்கு இன்னும் வெள்ளையும் நீலமும் ஏறணும், திருப்பத்தூர் தாண்டி போறப்ப பிரான்மலை நீலமா தெரியுதே, மரத்துக்கும் அதே கணக்குதான்.

புதுவயல் வாசகி: பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டு ஆயில்ல வரையறான். டர்பன்டைன் வாடை வீடு முழுக்க, மாமாவுக்கு வீசிங் இருக்கு. வெளியதான் போயி வரையறான்னாலும் சாமானெல்லாம் வளவுலதான் (வீட்டு நடு முற்றம்) கிடக்கு. ஆபத்து ஏதும் இருக்கா? கடலை எண்ணெய், நல்லெண்ணெய் வச்சு வரைய முடியாதா?

இத எல்லாரும் படிக்கணும்னு கேட்டுக்கறேன். டர்பன்டைனோட ஆவி 35 டிகிரி சூட்டுலயே தீப்பொறி பட்டா பத்திக்கும், நமக்கு சித்திரை வைகாசில வெளிய 35 சர்வ சாதாரணம். அதனால அடுப்படி பக்கம், சாமி விளக்கு பக்கம், வெயில்ல நிறுத்துன கார், பைக் பெட்டி, எங்கயும் வைக்கக் கூடாது, மூடி இறுக்கமா உள்ள சின்ன பாட்டில்ல எடுத்துட்டு போகச் சொல்லுங்க, டம்ளர்ல கூடவே கூடாது.

அதவிட பெரிய விஷயம் துடைச்ச துணி. ஆயில் கலர்ல இருக்கற லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) தண்ணி மாதிரி ஆவியாகி காயல, காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்து இறுகுது, அப்படி இறுகுறப்ப சூடு வரும். துணிய கசக்கி ஒரு மூலைல குவிச்சு போட்டா அந்த சூடு வெளிய போக வழியில்லாம ஏறி ஏறி யாரும் பத்த வைக்காமலே தீப்பிடிக்கும், உலகம் பூரா இப்படி நடந்திருக்கு. அதனால துணிய விரிச்சு வெளிய கொடில காயப் போடணும், இல்லன்னா தண்ணி ஊத்துன மூடி போட்ட தகர டப்பால போடணும். இத அவன் பழக்கமா ஆக்கிக்கற வரைக்கும் நீங்க தினம் ஒரு தடவை கேளுங்க.

மாமாவ நினைச்சா, டர்பன்டைன வீட்டுக்குள்ள கொண்டு வந்தே ஆகணும்னு இல்ல, பிரஷ்ஷ முதல்ல சன்ஃப்ளவர் ஆயில்ல அலசி துடைச்சிட்டு பார் சோப்பு போட்டு உள்ளங்கைல தேச்சு கழுவுனா சுத்தமாயிரும். ஆனா வரையறதுக்கு சமையல் எண்ணெய் ஆகாது, கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்கா எண்ணெய் எதுவும் லின்சீட் மாதிரி இறுகாது, படம் பிசுபிசுன்னே கிடக்கும். ஹார்டுவேர் கடைல மர வேலைக்கு விக்கிற டபுள் பாயில்டு லின்சீடும் வேண்டாம், மஞ்சளிச்சிரும். கை கழுவாம சாப்பிடக் கூடாது. கழுவுன தண்ணிய, மீந்த டர்பன்டைன ஊருணிலயோ கம்மாயிலயோ ஊத்தக் கூடாது, அது குடிக்கிற தண்ணி, அவன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

கோட்டையூர் வாசகி: காலேஜ் படிக்கிறேன். வெளிய உக்காந்தா கூட்டம் கூடிருது, என்ன வரையற, காசு வருமா, யாரு வீட்டுப் புள்ளன்னு கேள்வி. கை நடுங்குது. வீட்லயும் தனியா விட மாட்றாங்க.

ஆத்தா, யாரு வீட்டுப் புள்ளன்னு கேக்காம நம்ம ஊர்ல யாரும் ஒரு வாய் தண்ணி கூட குடுக்க மாட்டாங்க, அது விசாரிப்புதான், பதில் சொல்லிட்டா அவங்களே நாற்காலி கொண்டு வந்து போடுவாங்க. எந்த வீட்டு முன்னாடி உக்காந்தாலும் முதல்ல உள்ள போயி ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, பூட்டின வீடா இருந்தா காவலுக்கு இருக்கறவர்கிட்ட. ஒரு தடவை நான் கேக்காம உக்காந்து, பாதில எழுந்திரிக்க வேண்டியதா போச்சு, அவங்க கேட்டதுல நியாயம் இருந்துச்சு. ஊருணி படித்துறைன்னா செருப்ப கழட்டிட்டு தள்ளி உக்காருங்க. அய்யனார் கோயில் காட்டுல மண் குதிரைய வரையணும்னா கோயில்ல கேட்டுட்டு அவங்க சொல்ற எல்லைல நின்னுக்கணும்.

இடம் தேர்ந்தெடுக்கறப்ப முதுகுக்கு பின்னாடி சுவரோ மரமோ இருக்கற மாதிரி பாத்தா பின்னால யாரும் நிக்க முடியாது, நடுக்கம் பாதி குறையும். அம்மாவையோ சித்தியையோ கூட்டிட்டு போங்க, ஏழு மணிக்கு ஆரம்பிச்சு எட்டே காலுக்கு முடியற வேலைங்கறதால அவங்களும் வருவாங்க. பக்கத்துல வந்து நிக்கிற சின்னப் பிள்ளைங்கள விரட்டாதீங்க, அந்த சுவரு என்ன கலர்னு அதுககிட்ட கேளுங்க. என்கிட்ட ஆத்தங்குடில ஒரு ரெண்டாங்கிளாஸ் பையன் நிழல்ல இருந்த சுவர காட்டி கத்தரிப்பூ கலர்னு சொன்னான். சரியா சொன்னான், நான் அத சாம்பலா கலந்து வச்சிருந்தேன், சுரண்டிட்டு மாத்தினேன்.

போடற துணியும் கவனிக்கணும், வெள்ளை, பளீர் சிவப்பு வேண்டாம், வெயில் அதுல பட்டு ஈரமா இருக்கற போர்டுல தெறிச்சு கலர பொய்யா காட்டும். குடை பிடிச்சா நம்ம கறுப்புக் குடை நல்லது, கலர் குடை ஆகாது. போர்டுல நேரா வெயில் விழவே கூடாது, வெயில்ல சரியா தெரிஞ்ச படம் வீட்டுக்குள்ள வந்ததும் இருட்டிக் கிடக்கும். ஈஸல் (போர்ட நிறுத்துற ஸ்டாண்டு) கால்ல ஒரு செங்கல்ல கயித்துல கட்டி தொங்க விடுங்க, எட்டு மணிக்கு மேல பொட்டல்ல காத்து கிளம்பும்.

திருப்பத்தூர் வாசகர்: போன வருஷம் வரைஞ்சதுல வெடிப்பு விடுது. வார்னிஷ் அடிச்சா நிக்குமா?

நிக்காதுங்க. கீழ எண்ணெய் தூக்கலா போட்டு மேல டர்பன்டைன் தூக்கலா போட்டிருப்பீங்க, மேல சீக்கிரம் இறுகி கீழ இன்னும் அசையறதால வெடிக்குது. எப்பவும் முதல் பூச்சு டர்பன்டைன்ல மெல்லிசா, மேல போக போக எண்ணெய் கூடணும். அலிசரின் மெதுவா காயும், அத அடில கெட்டியா போடாதீங்க. வார்னிஷ் ஆறு மாசம் காயவிட்டு அடிக்கலாம், கெட்டியா போட்ட படம்னா ஒரு வருஷம்.

குன்றக்குடி வாசகி: ஐப்பசி வந்தா மழை ஆரம்பிச்சிரும், மூணு மாசம் சும்மா இருக்கணுமா?

அய்யோ, வருஷம் பூரா நான் காத்துக் கிடக்கறதே இந்த மூணு மாசத்துக்குத்தான்! அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் மேகம் மூடுன நாள்ல நிழல் ஓடாது, ஒண்ணேகால் மணி நேரக் கணக்கெல்லாம் தளரும், ரெண்டரை மணி நேரம் கூட நிம்மதியா உக்காரலாம். செம்மண்ணு நனைஞ்சு அழுத்தமா கன்னிப்போயிருக்கும், சியன்னா கூட அலிசரின் சேத்தா அது அப்படியே வரும். படம் காயத்தான் நாளாகும், ஈரப் போர்டு ரெண்ட முகத்துக்கு முகம் வச்சு நாலு மூலைலயும் தீக்குச்சித் துண்டு குடுத்து ரப்பர் பேண்ட் போட்டா ஒட்டாம வீடு வந்து சேரும்.

ஊருணி நிறைஞ்சு கிடக்கறப்ப போங்க. தண்ணிக்குன்னு தனி நீலம் தேடாதீங்க, அது மேல இருக்கறதத்தான் காட்டும், இருட்டா இருக்கற மரம் தண்ணில ஒரு துளி வெளுப்பா தெரியும், வெளிச்சமா இருக்கற வானம் தண்ணில ஒரு துளி மங்கலா தெரியும், முதல்ல எல்லாத்தையும் மேலருந்து கீழ இழுத்துட்டு கடைசில காத்து அடிக்கிற இடத்துல மட்டும் குறுக்க ரெண்டு கோடு. மழை விட்ட மறுநாள் காலைல ஏழு மணிக்கு, கரையோட செம்புறாங்கல் படி இன்னும் ஈரமா இருக்கறப்ப உக்காந்துருங்க, ரெண்டு போர்டு எடுத்துட்டு போங்க, திடீர்னு மேகம் விலகி வெயில் அடிச்சா முதல் போர்ட அப்படியே ஓரமா வச்சிட்டு ரெண்டாவத எடுக்கணும்.